கேலிக் (Gaelic) கால்பந்து கிளப் சீசன்: எந்த ஒளிபரப்புப் பாஸுக்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

கேலிக் கால்பந்து பந்தைக் கையாலும் காலாலும் ஆடும் அயர்லாந்தின் சொந்த விளையாட்டு. மாவட்டம் போன்ற ஒவ்வொரு கவுண்டிக்கும் ஓர் அணி உண்டு, அதன் வீரர்கள் உள்ளூர் கிளப்புகளிலிருந்து வருகிறார்கள். 2025 ஜூலை 27 அன்று டப்ளினின் குரோக் பார்க் மைதானத்தில் கெர்ரி கவுண்டி 1-26 (ஒரு கோல், 26 பாயின்ட்) என்ற கணக்கில் டொனிகாலை (0-19) வென்று 39-வது முறையாக அகில அயர்லாந்து சாம்பியனுக்கான சாம் மக்வயர் கோப்பையைத் தூக்கியது. அத்துடன் கவுண்டி சீசன் முடிந்தது. அடுத்த வருடம் யார் கவுண்டி ஜெர்ஸியைப் போடப்போகிறார்கள் என்பதற்கான பதில் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை கிளப் மைதானங்களில்தான் கிடைக்கும். 2022-ல் சீசனை இரண்டாகப் பிரித்த பிறகு முன்பாதி கவுண்டிக்கு, பின்பாதி கிளப்புக்கு என்று ஆகிவிட்டது. கவுண்டி வீரர்கள் இப்போது தங்கள் கிளப்புக்காக முழு சாம்பியன்ஷிப்பையும் ஆடுகிறார்கள். ஒரு கவுண்டியின் எதிர்காலத்தைக் கணிக்க நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது.

ஆனால் இந்த ஆட்டங்கள் ஒரே இடத்தில் கிடைப்பதில்லை. டிஜி4 (TG4) தொலைக்காட்சி, கிளப் ஆட்டங்களை இணையத்தில் காட்டும் கிளப்பர், அந்தந்த கவுண்டி போர்டின் (கவுண்டியின் நிர்வாகக் குழு) சொந்த ஸ்ட்ரீம், கேலிக் விளையாட்டுச் சங்கமான ஜிஏஏவின் ஜிஏஏ பிளஸ், உள்ளூர் வானொலி என்று சிதறிக் கிடக்கின்றன. எல்லாவற்றுக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. டிஜி4-ஐ இலவசமாகப் பாருங்கள், உங்களுக்கு அக்கறை உள்ள ஒரே ஒரு கவுண்டிக்கு பாஸ் வாங்குங்கள், வானொலியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஜிஏஏ பிளஸ் வசந்த காலம் வரை காத்திருக்கலாம்.

டிஜி4 அயர்லாந்தின் ஐரிஷ் மொழி அரசுத் தொலைக்காட்சி. ஞாயிறு பிற்பகலில் கவுண்டி இறுதி ஆட்டங்கள், பிறகு மாகாண கிளப் ஆட்டங்கள், ஜனவரியில் அகில அயர்லாந்து அரையிறுதியும் இறுதியும் என்று வரிசையாகக் காட்டுகிறார்கள். பல கேமராக்கள், ஒழுங்கான ரீப்ளே, ஆட்டம் தெரிந்த வர்ணனையாளர்கள். வர்ணனை ஐரிஷில்தான், பெயர்களும் திரையில் ஐரிஷ் வடிவில்தான் வரும். கெர்ரியின் ஷான் ஓஷே அங்கே ஷான் ஓ ஷே என்று சற்றே வேறு எழுத்துகளில் இருப்பார். முதல் சில ஆட்டங்களில் தடுமாற்றமாக இருக்கும். ஜெர்ஸி எண்ணைப் பிடித்துக்கொண்டால் போதும். உரிமை காரணமாக சில ஆட்டங்கள் அயர்லாந்துக்கு வெளியே திறக்காது. சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ பார்க்கிறவர்கள் நேரத்தையும் கவனியுங்கள்: பிற்பகல் 2.30 ஆட்டம் நமக்கு இரவு 7 மணி, அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை மாற்றிய பிறகு இரவு 8 மணி.

டிஜி4-இன் குறை அதன் தேர்வில்தான் இருக்கிறது. அவர்கள் பெரிய ஆட்டங்களை எடுக்கிறார்கள். குழுச் சுற்று ஆட்டங்களும், சீனியருக்குக் கீழ்த் தரங்களான இன்டர்மீடியட், ஜூனியர் (வயதுப் பிரிவு அல்ல) ஆட்டங்களும் அங்கே அரிது. கவுண்டிக்குப் புதிதாக வரப்போகும் பையன் பெரும்பாலும் அந்த ஆட்டங்களில்தான் இருப்பான். அதனால்தான் கவுண்டி பாஸ் தேவைப்படுகிறது.

கவுண்டி ஆட்டங்களின் ஸ்ட்ரீம் இரண்டு வகை. சில கவுண்டிகள் கிளப்பர் போன்ற நிறுவனத்திடம் உரிமையைக் கொடுக்கின்றன. டப்ளின், மேயோ, டைரோன் போன்றவை தங்கள் பெயரிலேயே டிவி சேவை நடத்தியிருக்கின்றன. இந்த ஏற்பாடு வருடத்துக்கு வருடம் மாறக்கூடியது. போன வருடம் வாங்கிய இடத்திலேயே இந்த வருடமும் கண்ணை மூடிக்கொண்டு புதுப்பிக்காதீர்கள். ஜூலை கடைசியில் அந்தக் கவுண்டி போர்டின் தளத்துக்குப் போய், இந்த சீசன் யார் காட்டுகிறார்கள், எத்தனை ஆட்டங்கள், இன்டர்மீடியட் சேர்ந்ததா, இறுதி ஆட்டம் சேர்ந்ததா என்று நான்கையும் பாருங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். இறுதி ஆட்டத்தை டிஜி4 எடுத்துக்கொண்டால் அது பாஸில் இல்லாமல் போகலாம்.

பாஸா, ஒற்றை ஆட்டமா என்பதை அந்தக் கவுண்டியின் போட்டி அமைப்பு தீர்மானிக்கும். பல கவுண்டிகளில் நான்கு அணிகள் கொண்ட குழுக்கள், ஒவ்வொரு அணிக்கும் மூன்று ஆட்டம் உறுதி, பிறகு காலிறுதி. அங்கே சீசன் பாஸ் லாபம். டைரோனின் சீனியர் சாம்பியன்ஷிப் அப்படி அல்ல: 16 அணிகள், தோற்றால் வெளியே. மொத்தமே 15 ஆட்டங்கள். உங்கள் கிளப் முதல் சுற்றிலேயே போய்விட்டால் அந்த வருடம் அதற்கு வேறு ஆட்டம் இல்லை. ஒரு கிளப்பை மட்டும் பின்தொடர்கிறவர் அங்கே ஆட்டத்துக்கு ஆட்டம் வாங்குவதே சரி. எந்த அணியானாலும் பரவாயில்லை, நல்ல கால்பந்து வேண்டும் என்பவர்கள் டைரோனில் 15-ஐயும் பார்க்கலாம். எந்த நிமிடமும் வீணாகாத போட்டி அது.

கவுண்டிக் கணிப்புக்காக ஒரே ஒரு பாஸ்தான் வாங்க முடியும் என்றால் கெர்ரி. காரணம் அதன் இரட்டை அமைப்பு. முதலில் கிளப்புகள் தங்களுக்குள் தரவாரியாக ஆடுகின்றன. பிறகு கவுண்டி சாம்பியன்ஷிப்பில் சீனியர் கிளப்புகளுடன், சிறிய கிளப்புகளின் வீரர்களைத் திரட்டிய பிராந்திய அணிகளும் இறங்குகின்றன. டேவிட் கிளிஃபர்டும் பாடி கிளிஃபர்டும் ஃபோசா என்ற சிறிய கிளப்பைச் சேர்ந்தவர்கள். 2023 ஜனவரியில் ஃபோசா அகில அயர்லாந்து ஜூனியர் பட்டத்தை வென்றது. அதே சகோதரர்கள் கவுண்டி சாம்பியன்ஷிப்பில் ஈஸ்ட் கெர்ரி அணிக்கு ஆடுவார்கள். ஈஸ்ட் கெர்ரி 2019, 2020, 2022, 2023 என்று நான்கு முறை அந்தச் சாம்பியன்ஷிப்பின் பிஷப் மொய்னிஹன் கோப்பையை எடுத்தது. ஜூனியர் கிளப் வீரன் ஒருவன் சீனியர் பின்கள வீரனுக்கு எதிரே தாக்குப்பிடிப்பானா என்பதை மற்ற கவுண்டிகளில் ஊகிக்கத்தான் முடியும். கெர்ரியில் செப்டம்பரிலேயே கண்ணால் பார்த்துவிடலாம். பிராந்திய அணி பட்டம் வென்றாலும் அடுத்த கட்டமான மன்ஸ்டர் மாகாண கிளப் போட்டிக்குப் போக முடியாது, கிளப்தான் போகும். இது தெரியாமல் நவம்பர் அட்டவணையைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் உண்டு.

இனி படத்தின் தரம். கவுண்டி ஸ்ட்ரீம் பெரும்பாலும் ஒற்றைக் கேமரா, நடுக்கோட்டருகே ஒரு மேடையிலோ ஸ்டாண்டின் கூரையடியிலோ நிற்கும். அழகு குறைவு, ஆனால் அகலமான கோணம் என்பதால் கேலிக் கால்பந்துக்குப் பல நேரம் இதுவே மேல். 2025-ல் ஜிம் கவின் தலைமையிலான குழுவின் புதிய விதிகள் வந்த பிறகு இது இன்னும் உண்மை. கிக்-அவுட், அதாவது கோல்கீப்பர் ஆட்டத்தை மீண்டும் தொடங்கும் உதை, இப்போது கோலிலிருந்து 40 மீட்டரில் வரைந்த வளைவைத் தாண்டிப் போயாக வேண்டும். எதிரணிப் பாதியில் குறைந்தது மூன்று பேர் எப்போதும் நிற்க வேண்டும். நெருக்கமான ஷாட்டில் கோல்கீப்பர் பந்தை வைப்பது தெரியும், உதைப்பது தெரியும், பிறகு வெட்டி யாரோ பந்தோடு ஓடுவது தெரியும். நடுவில் நடந்ததுதான் விஷயம்: எந்த மிட்ஃபீல்டர் முன்னதாக இடம் பிடித்தான், யார் எகிறினான், தட்டிவிடப்பட்ட பந்துக்கு யார் முதலில் வந்தான். அகல ஷாட்டில் இது முழுதாகக் கிடைக்கும். 2023 ஜனவரி அகில அயர்லாந்து கிளப் இறுதியின் கடைசி நொடிகளில் டப்ளினின் கில்மகட் குரோக்ஸ் அணியில் 15-க்கு மேல் ஆட்கள் களத்தில் நின்றார்கள். எதிரணியான டெர்ரியின் க்ளென் புகார் கொடுத்து, மறு ஆட்டத்துக்கு உத்தரவு வந்து, பிறகு க்ளென் விலகிக்கொண்டது. பந்தைச் சுற்றி மட்டும் பார்க்கிற கண்ணுக்கு அப்படிப்பட்டது தப்பிவிடும்.

மனிதர் இயக்கும் கேமராவா, தானியங்கியா என்று முதல் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். தானியங்கிக் கேமரா பந்தை மென்பொருளால் தேடும். உயரமான உதை விளக்குக் கம்பத்துக்கு மேலே போகும்போது பந்தை விட்டுவிட்டு, ஆட்கள் கூட்டமாக நிற்கும் பக்கம் திரும்பும். நீண்ட கிக்-அவுட்டுகளில் இதே சிக்கல் திரும்பத் திரும்ப வரும். அப்படிப்பட்ட ஸ்ட்ரீமுக்கு ஒற்றை ஆட்டக் கட்டணம்கூட அதிகம். மற்றொரு தொல்லை இணைப்பு. கிராம மைதானங்களில் படம் மொபைல் நெட்வொர்க் வழியாகப் போகிறது. கூட்டம் சேர்ந்து எல்லோரும் போனை எடுக்கும் நேரத்தில் அது திணறும், அதாவது ஆட்டம் சூடு பிடிக்கும் நேரத்தில். நேரலை அறுந்தாலும் முழுப் பதிவு பிறகு ஏறுமா, எத்தனை நாள் இருக்கும் என்பதை வாங்கும் முன் விதிமுறையில் தேடிப் பாருங்கள். கவுண்டி அணிக்காகப் பார்ப்பவருக்கு நேரலையைவிடப் பதிவே பயன். ஒரே கிக்-அவுட்டை மூன்று முறை ஓட்டிப் பார்க்கலாம்.

திரையில் ஸ்கோர் தாமதமாக மாறுவதும் சகஜம். கொடியைப் பாருங்கள்: வெள்ளை ஒரு பாயின்ட், பச்சை கோல், ஆரஞ்சு வளைவுக்கு வெளியே இருந்து அடித்த இரண்டு பாயின்ட். ஸ்கோரில் இரண்டு பாயின்ட் உதைக்குத் தனி இடம் கிடையாது, பாயின்ட் கணக்கில் சேர்ந்துவிடும். ஒரு கோல் மூன்று பாயின்ட் என்பதால் 1-26 என்பது 29.

இதையெல்லாம் வைத்து யாரைக் கவனிப்பது? உள்ளூர்ப் பத்திரிகையின் ஸ்கோரர் பட்டியலில் 0-8 என்று பார்த்ததும் மயங்க வேண்டாம். அடைப்புக்குறியில் எத்தனை ஃப்ரீ (எதிரணியின் தவறுக்குக் கிடைத்த உதை) என்று இருக்கும். எட்டில் ஆறு ஃப்ரீ என்றால் அந்தப் பையன் நல்ல உதைப்பாளன், அவ்வளவே. கவுண்டி அணியில் அந்த வேலைக்கு ஏற்கெனவே ஆள் இருப்பான். ஓட்டத்தில் வந்த மூன்று பாயின்ட், அதுவும் கவுண்டி பின்கள வீரன் காவலுக்கு நிற்கும்போது வந்தது என்றால், அதன் எடை அதிகம். கிளப் ஆட்டம் 60 நிமிடம், சீனியர் கவுண்டி ஆட்டம் 70. கடைசிப் பத்து நிமிடத்தில் மூச்சு வாங்குகிறவனைக் கழித்துவிடுங்கள். மிட்ஃபீல்டர்களுக்கு விலை ஏறியிருக்கிறது. முன்பு குறுகிய கிக்-அவுட்டில் பந்து பின்களத்திலேயே சுற்றியது, உயரப் பந்தைப் பிடிப்பவனுக்கு வேலை இல்லை. இப்போது ஒவ்வொரு கிக்-அவுட்டும் ஒரு போட்டி.

வயதுப் பிரிவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டைரோன் 20 வயதுக்குட்பட்டோர் பட்டத்தை 2024, 2025 இரண்டு வருடமும் வென்றது. அந்தப் பையன்கள் இப்போது வெவ்வேறு கிளப்புகளில் பரவி, ஒருவரை ஒருவர் காவல் காக்கிறார்கள். டைரோன் நாக்-அவுட்டைப் பார்க்க இதுவும் ஒரு காரணம்.

கிளப் வெற்றி கவுண்டிக்கு எப்போதும் லாபம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 2024 ஜனவரியில் க்ளென் அகில அயர்லாந்து கிளப் பட்டம் வென்றது, கானர் க்ளாஸ் போன்ற டெர்ரி வீரர்கள் ஓய்வே இல்லாமல் வருடத் தொடக்கத்தில் நடக்கும் கவுண்டி லீகுக்கு வந்தார்கள். டெர்ரி லீகின் டிவிஷன் 1 பட்டத்தையும் எடுத்தது. ஆனால் கோடையில் டொனிகால், கால்வே, அர்மா என்று மூன்று அணிகளிடம் வரிசையாகத் தோற்று, காலிறுதியில் கெர்ரியிடம் நின்றுவிட்டது. களைப்பு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. இருந்தாலும் ஜனவரி வரை கிளப் ஆடும் அணியில் ஒரு கவுண்டியின் முதுகெலும்பே இருந்தால், அந்தக் கவுண்டியின் பிப்ரவரி முடிவுகளை வைத்து ஜூனைக் கணிக்காதீர்கள். 2025 ஜனவரியில் கூலாவும் எரிகல் கீரனும் அகில அயர்லாந்து கிளப் இறுதியில் மோதியபோது ஒரு பக்கம் டப்ளினின் கான் ஓகாலஹன், மறுபக்கம் டைரோனின் டாரா, ரூரி கேனவன் சகோதரர்கள். இரு கவுண்டிகளுக்கும் அதே கணக்குதான்.

உள்ளூர் வானொலி இலவசம், உலகம் முழுதும் இணையத்தில் கேட்கும். ரேடியோ கெர்ரி, மேயோவுக்கு மிட்வெஸ்ட், டொனிகாலுக்கு ஹைலேண்ட், கேவனுக்கும் மொனஹனுக்கும் நார்தர்ன் சவுண்ட். வர்ணனையாளருக்கு ஒவ்வொரு மாற்று வீரனின் கிளப்பும், காயமும், அவன் அண்ணன் எந்த இடத்தில் ஆடினான் என்பதும் தெரியும். ஸ்ட்ரீமின் ஒலியை அணைத்து வானொலியை வைக்க நினைத்தால், படம்தான் பின்தங்கி வரும். வானொலியை நிறுத்திவைத்துப் படத்தோடு சேர்க்க வசதியுள்ள செயலி வேண்டும். வடக்கு மாகாணமான அல்ஸ்டரின் கிளப்புகளுக்கு எழுத்தில் ஐரிஷ் நியூஸ் நாளிதழும் வாராந்திர கேலிக் லைஃபும் போதும். வேறு எங்கும் அந்த அளவு விவரம் இல்லை.

நேரில் போகக்கூடியவர்கள் டிக்கெட்டை முன்பே இணையத்தில் எடுத்துவிடுங்கள். பல கவுண்டிகளில் வாசலில் ரொக்கம் வாங்குவதில்லை. க்யூஆர் படத்தை வீட்டிலேயே போனில் சேமித்துக்கொள்ளுங்கள், வாசலில் சிக்னல் கிடைக்காமல் போகலாம். ஒரே மைதானத்தில் அடுத்தடுத்து இரண்டு ஆட்டம் வைக்கும் நாளைத் தேர்ந்தெடுத்தால் ஒரே டிக்கெட்டில் நான்கு அணிகளைப் பார்க்கலாம். நிகழ்ச்சி நிரலில் அச்சான 15 பேரே இறங்குவார்கள் என்று நம்பாமல், ஒலிபெருக்கியில் சொல்லும் மாற்றங்களைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜிஏஏ பிளஸ் 2014-ல் அயர்லாந்தின் அரசு ஒளிபரப்பு நிறுவனமான ஆர்டிஈ கூட்டோடு ஜிஏஏகோ என்று தொடங்கி, 2025 முதல் ஜிஏஏவின் சொந்த சேவையாக இந்தப் பெயரில் நடக்கிறது. அதன் பலம் கவுண்டி சாம்பியன்ஷிப். அயர்லாந்துக்குள் இருக்கிறவர் கிளப் சீசனுக்காக மட்டும் அதை வாங்குவது வீண். ஏப்ரலில் வாங்குங்கள். அக்டோபரில் குறித்து வைத்த பெயர்களில் எத்தனை பேர் மாற்று வீரர் வரிசையைத் தாண்டி முதல் 15-க்குள் வந்திருக்கிறார்கள் என்று அப்போது சரிபார்க்கலாம்.