அயர்ன் சுக்ரோஸா, கார்பாக்சிமால்டோஸா? கர்ப்பிணிகளுக்கு ஏற்றப்படும் இரும்பு நானோதுகள்கள்

கர்ப்பகாலத்தில் நானோதுகள் (கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துகள்) மருந்தா என்று தயங்குவோர் பலர், ரத்தசோகைக்காக ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஏற்றப்படும் பழுப்பு நிற இரும்பு டிரிப்ஸும் அவ்வகை மருந்துதான் என்பதை அறிந்திருப்பதில்லை. அயர்ன் சுக்ரோஸ், ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் ஆகிய இரண்டிலும் சில நானோமீட்டர் (மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்) அளவுள்ள இரும்பு மையத்தைச் சர்க்கரை அல்லது மாவுச்சத்து வகைப் பொருள் ஒன்று மூடியிருக்கிறது. அந்த உறையின் உறுதியில்தான் இரண்டும் வேறுபடுகின்றன.

சுக்ரோஸின் பிணைப்பு தளர்வானது. அளவு மிஞ்சினாலோ வேகமாக ஏற்றினாலோ, ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் புரதத்தின் கொள்ளளவையும் மீறி இரும்பு தனித்துத் திரியும். குமட்டல் வரும், ரத்த அழுத்தம் தாழும். ஆகவே வழக்கமாக ஒரு முறைக்கு 200 மில்லிகிராம்தான் தரப்படுகிறது. 1,000 மில்லிகிராம் தேவைப்படும் பெண் ஐந்து முறை வர வேண்டும். கார்பாக்சிமால்டோஸின் உறை உறுதியானது என்பதால், உடல் எடை இடம் கொடுத்தால், அதே 1,000 மில்லிகிராமை ஒரே தடவையில் சுமார் 15 நிமிடத்தில் ஏற்றிவிடலாம். மருந்தின் விலையை மட்டும் பார்த்துச் சுக்ரோஸே மலிவு என்பவர்கள், ஐந்து நாள் கூலியையும் பேருந்துச் செலவையும் கணக்கில் சேர்ப்பதில்லை.

எனினும் கார்பாக்சிமால்டோஸுக்கு ஒரு குறை உண்டு: எஃப்ஜிஎஃப்-23 என்ற ஹார்மோனை உயர்த்தி, எலும்புக்குத் தேவையான பாஸ்பேட் என்ற தாதுவைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகிறது. ஒரு தடவையோடு நின்றால் இது பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். திரும்பத் திரும்ப ஏற்றினால் எலும்பு பலவீனமடையக்கூடும் என்பதால், பாஸ்பேட் அளவைப் பார்க்காமல் அடுத்த டோஸ் தருவதை நான் ஏற்கமாட்டேன்.

கருவைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை. மனித நஞ்சுக்கொடியை வைத்து 2010இல் வெளியான ஆய்வொன்றில் 240 நானோமீட்டர் வரையிலான பாலிஸ்டைரின் என்ற பிளாஸ்டிக் துகள்கள் அதைக் கடந்தன. எனவே துகளின் அளவு மட்டுமே கருவைப் பாதுகாக்கும் என்று நம்ப முடியாது. இந்த மருந்துகளின் துகள்களையோ கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள விழுங்கு செல்கள் சிதைக்கின்றன. விடுபடும் இரும்பு டிரான்ஸ்ஃபெரினில் ஏறி, உணவிலிருந்து கிடைக்கும் இரும்பு செல்லும் அதே வழியில் கருவை அடைகிறது. ஆயினும் முதல் மூன்று மாதங்களில் இரண்டையும் தவிர்க்க வேண்டும். தாய்க்குக் கடும் ஒவ்வாமை வந்தால் குழந்தையின் இதயத்துடிப்பும் குறையலாம் என்பதால், ஏற்றிய பின் அரை மணி நேரக் கண்காணிப்பு கட்டாயம்.

மாத்திரை ஒத்துக்கொள்ளாத, பிரசவத்துக்கு இன்னும் மாதங்கள் கைவசம் உள்ள, மருத்துவமனைக்கு அருகில் வசிக்கும் பெண்ணுக்குச் சுக்ரோஸ் போதும். 30 வாரங்களைக் கடந்தபின் ரத்தசோகை தெரியவந்தவருக்கும், தொலைவிலிருந்து வருபவருக்கும் கார்பாக்சிமால்டோஸே பொருத்தம். ஹீமோகுளோபின் (ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில்) 5 கிராமுக்கும் கீழே இறங்கிப் பிரசவமும் நெருங்கிவிட்டால், இரண்டுக்கும் காத்திருக்க நேரமில்லை. ரத்தம்தான் ஏற்ற வேண்டும்.