ஜூஸா, டேகரா? வெப் சர்வர் இல்லாத ஜாவா நிரலுக்கு எது தோது?

சாங்கி பிசினஸ் பார்க்கில் எங்கள் குழு பார்த்துக்கொள்ளும் ஒரு நிரல் இரவில் மட்டும் ஓடும். கோப்புகளைப் படித்து, கணக்குகளைச் சரிபார்த்து, அறிக்கை அனுப்பிவிட்டு நின்றுவிடும். அதற்கு ஒரு டிபென்டென்சி இன்ஜெக்‌ஷன் கன்டெய்னர் (நிரலின் ஆப்ஜெக்ட்டுகளை உருவாக்கி ஒன்றோடொன்று இணைத்துத் தரும் கருவி) தேவைப்பட்டபோது, ஜூஸ், டேகர் இரண்டில் டேகரை எடுத்தோம். இன்றும் என் ஓட்டு அதற்குத்தான்.

இதே வேலையையும் செய்யும் ஸ்பிரிங் ஏற்கெனவே உள்ளே இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். கிளாஸ்கள் பத்துப் பதினைந்துதான் என்றால் மெயின் மெத்தடில் கையாலேயே நியூ போட்டு இணைத்துவிடலாம், கன்டெய்னரே வேண்டாம்.

கூகுள் 2007இல் வெளியிட்ட ஜூஸ் பழக எளிது. நிரல் ஓடும்போதுதான் அது ஆப்ஜெக்ட்டுகளை இணைக்கிறது. அனொட்டேஷன் (கோடில் வைக்கும் @ குறிப்பு) ஒன்றை வைத்து மெத்தடை இடைமறித்து, அதற்கு முன்னும் பின்னும் வேறு கோடை ஓட்டும் வசதியும் அதில் உண்டு, டேகரில் கிடையாது.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. சிங்கப்பூரில் ஒப்பந்தம் முடிந்து ஆள் மாறுவது சாதாரணம். புதிதாக வரும் தம்பி முதலில் கேட்பது, "அண்ணே, இந்த ஆப்ஜெக்ட் எங்கேருந்து வருது?" என்பதுதான். டேகர் கம்பைல் செய்யும்போதே சாதாரண ஜாவா கோடை எழுதிவைக்கிறது. ஐடிஇயில் கிளிக் செய்து அதற்குள் போய்ப் படிக்கலாம், பிரேக்பாயின்ட் வைக்கலாம். ஒரு பைண்டிங் (எந்த வகைக்கு எந்த ஆப்ஜெக்ட் என்று சொல்லும் விதி) விடுபட்டால் பில்டே நின்றுவிடும். இரவு ஸ்டாண்ட்பையில் இருப்பவருக்குப் போன் போகாது. ஜூஸில், பைண்டிங்குகளைத் தொகுத்து எழுதும் மாட்யூலுக்குள் மாட்யூல், அதற்கு மேல் முந்தையதை மாற்றும் ஓவர்ரைடு என்று வளர்ந்துவிட்டால் கடைசியில் எது வந்து சேரும் என்பதைக் கோடைப் படித்து மட்டும் சொல்வது கடினம்.

ஜூஸையும் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆப்ஜெக்ட்டுகளை இணைத்துத் தரும் இன்ஜெக்டரை உருவாக்கும்போதே, வெளிப்படையாக எழுதிய பைண்டிங்குகளை அது சோதித்துவிடும். அதை உருவாக்கிப் பார்க்கும் ஒரு டெஸ்ட் இருந்தால் பாதிக் கவலை போய்விடும். ஆனால் எழுதாத பைண்டிங்குகளைத் தேவைப்படும்போது தானாக அமைத்துக்கொள்ளும் பழக்கம் அதற்கு உண்டு. வெளிப்படையாக எழுதியே ஆக வேண்டும் என்று அமைப்பில் கட்டாயப்படுத்தாவிட்டால், சில பிழைகள் அந்த வரி ஓடும்போதுதான் தெரியும்.

டேகரிலும் எரிச்சல்கள் உண்டு. பிழைச் செய்தி நீளமாக வரும், பில்டு நேரம் கூடும், காம்பொனென்ட் (மாட்யூல்களைச் சேர்த்து ஆப்ஜெக்ட்டுகளைத் தரும் இன்டர்ஃபேஸ்), ஸ்கோப் (ஒரே ஆப்ஜெக்ட் எதுவரை பகிரப்படும் என்பது) எல்லாம் ஆரம்பத்தில் குழப்பும். அப்புறம், என் அனுபவம் எல்லாம் ஓடி முடிந்து நிற்கும் நிரல்களில்தான். பிளக்இன்களை ஓடும்போது ஏற்றும் பெரிய சேவைக்கு ஜூஸே வசதியாக இருக்கலாம்.

மாற நினைத்தாலும் மொத்தத்தையும் திருப்பி எழுத வேண்டியதில்லை. 2009இல் வந்த ஜேஎஸ்ஆர் 330 என்ற ஜாவா பொதுத் தரத்தின் அனொட்டேஷன்களை இரண்டும் ஏற்பதால் கிளாஸ்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கும், மாட்யூல்களை மட்டும் மாற்றினால் போதும். ஜூஸிலேயே இருக்கப்போகிறீர்கள் என்றால் பதிப்பைக் கவனியுங்கள்: 6ஆம் பதிப்பு அந்த அனொட்டேஷன்களின் பழைய பேக்கேஜ் பெயரான ஜாவாஎக்ஸ், புதிய பெயரான ஜகார்த்தா இரண்டையும் ஏற்கும், 7ஆம் பதிப்பு ஜகார்த்தாவை மட்டுமே ஏற்கும். 6இல் நின்று இம்போர்ட்டுகளை மாற்றி முடித்துவிட்டு 7க்குப் போவது நல்லது.