பால்டர்ஸ் கேட் 3: எல்லாம் இருக்கிறது, கழுத்துதான் மூளி

கதை, குரல் நடிப்பு, சண்டை என்று எதை எடுத்தாலும் பால்டர்ஸ் கேட் 3 என்ற வீடியோ கேம் பிரமாதம்தான். 2023-இல் ஆண்டின் சிறந்த விளையாட்டு விருதைச் சும்மா தூக்கிக் கொடுக்கவில்லை. எனக்கு இருக்கும் குறை ஒன்றே ஒன்று: போட்ட நகை கண்ணில் படுவதே இல்லை.

கழுத்துக்கு ஒன்று, விரலுக்கு இரண்டு என்று நகை போட இடம் கொடுத்திருக்கிறார்கள். மிஸ்டி ஸ்டெப் தாயத்தை மாட்டினால் நின்ற இடத்திலிருந்து சட்டென்று வேறு இடத்துக்குத் தாவலாம், அவ்வளவு உபயோகமான பொருள். ஆனால் யாரிடமாவது பேச ஆரம்பித்ததும் கேமரா முகத்துக்குப் பக்கத்தில் வருகிறதே, அப்போது பாருங்கள்: கவசத்தின் தையல், முகத் தழும்பு, தலைமுடி இழை எல்லாம் தெளிவாகத் தெரியும், தாயத்து மட்டும் இருக்காது. ஊரிலிருந்து வந்திருந்த அப்பத்தா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏம்ப்பு, இந்தப் புள்ள கழுத்து ஏன் மூளியா இருக்கு?" என்று கேட்டார். அவர் கேட்டதில் என்ன தப்பு? காரைக்குடிப் பக்கம் செட்டியார் வீட்டுக் கல்யாணத்தில், மஞ்சள் கயிற்றில் கோத்த கழுத்துருவைப் பார்க்கத்தானே கூட்டம் முண்டியடிக்கும்! நாலு பேர் பார்க்காத நகையை நகை என்றே எங்கள் ஊரில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இத்தனைக்கும் இந்த விளையாட்டை உருவாக்கியவர்களுக்குச் செய்யத் தெரியாமல் இல்லை. வோலோ என்ற பாணனிடம் கண்ணைக் காட்டினால் அதைப் பிடுங்கிவிட்டுச் செயற்கைக் கண் ஒன்றை வைத்துவிடுவான், மறைந்திருப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும், அந்தக் கண்ணும் முகத்தில் அப்படியே தெரியும். அதற்கப்புறம் அந்த முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் நடந்தது ஞாபகத்துக்கு வரும். சின்னப் பொருள்தான், ஆனால் அதில் ஒரு கதை உட்கார்ந்திருக்கிறது.

2011-இல் வந்த ஸ்கைரிம் என்ற விளையாட்டில் மோதிரமும் கழுத்தணியும் உடம்பில் தெரிந்தன. சில கவசங்கள் மறைத்துவிடும், பரவாயில்லை. மாரா தாயத்தைப் போட்டுக்கொண்டு போனால் எதிரில் இருப்பவர் அதைக் கவனித்துக் கல்யாணப் பேச்சே எடுப்பார். எனக்கு வேண்டியது இதுதான், போட்டதை உலகம் பார்க்க வேண்டும்.

வேலை அதிகம் என்பது எனக்கும் புரிகிறது. 11 இனங்கள், குள்ளனுக்கு ஒரு கழுத்து, டிராகன் முகக்காரனுக்கு ஒரு கழுத்து, ஒரே சங்கிலியை அத்தனைக்கும் பொருத்தினால் கவசத்துக்குள் புதைந்தோ துளைத்துக்கொண்டோ நிற்கும். கையுறைக்குள் இருக்கும் மோதிரத்தைக் காட்டச் சொல்லி நானும் கேட்கவில்லை. ஆனால் முகாமில் கவசத்தைக் கழற்றிவிட்டுச் சாதாரண உடுப்பில் இருக்கும்போதாவது கழுத்தில் கிடப்பதைக் காட்டலாமே? தலைக்கவசத்தை மறைக்க ஒரு சுவிட்ச் வைத்தவர்கள் நகைக்கும் ஒன்று வைத்திருக்கலாம், பிடிக்காதவர்கள் அணைத்துக்கொள்ளட்டும்.

இந்த ஒரு காரணத்துக்காக வாங்காமல் விடாதீர்கள், தாராளமாக வாங்கலாம். 2024-இல் வந்த ஏழாவது பேட்ச்சோடு (விளையாட்டுக்கு வரும் புதுப்பிப்பு), மோட், அதாவது ரசிகர்கள் செய்யும் மாற்றங்கள், போடும் வசதியையும் அவர்களே விளையாட்டுக்குள் கொடுத்துவிட்டார்கள். முதல் தடவை மோட் எதுவும் இல்லாமல் ஆடுங்கள், இரண்டாம் சுற்றில் நகை மோட்களைத் தேடிப் பாருங்கள்.