அம்மா உக்கார்ற மூலையும் சரவுண்ட் ஸ்பீக்கரும்: சுங்கை சிப்புட் வீட்டுல 7 வருஷம்

2018ல ஆரம்பிச்ச வேலை இது. ஹோம் தியேட்டர்னு சொன்னதும் பெருசா நெனச்சுக்காதீங்க, மலேசியாவுல பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுல ஒரு பழைய தாமான்ல (குடியிருப்பு) எங்க தெரெஸ் வீடு, அதாவது வரிசை வீடு, அதுல தாத்தா இருந்த பின் ரூம், அகலம் 11 அடி நீளம் 14 அடி, அவ்வளவுதான். பக்கத்துல அடுப்படிக்குத் தகரக்கூரை, சாயங்காலம் நாலு மணி மழை புடிச்சுதுன்னா எந்த ஸ்பீக்கரும் அதுகிட்ட நிக்காது. மூணு பேர் சோபா ஒண்ணு, நடுவுல நான், வலது ஓரம் வீட்டுக்காரி, இடது ஓரம் அம்மா. பசங்க ரெண்டு பேரும் கீழ மெத்தையில.

மொத செட்டு ஒரே பெட்டியில எல்லாம் வர்ற ரகம், கடைக்காரர் வந்து மாட்டிக் கொடுத்தாரு. சரவுண்ட், அதாவது பக்கத்துலயும் பின்னாடியும் வர்ற சத்தத்துக்கான ஸ்பீக்கர் ரெண்டையும், பின் சுவத்து ரெண்டு மூலையிலயும் சீலிங்கை ஒட்டி ஆணி அடிச்சு, முகம் கீழப் பாத்த மாதிரி. பாக்க நல்லாதான் இருந்துச்சு. சோபாவும் பின் சுவத்தோட ஒட்டி. கேட்டா என்னமோ தலைக்கு மேல ரேடியோ பாடற மாதிரி இருக்கும், பின்னாடின்னும் சொல்ல முடியாது பக்கத்துலன்னும் சொல்ல முடியாது. சரவுண்ட் கேக்கலையேன்னு நான் செட்டிங்ல போயி 5 டெசிபல் ஏத்தி வச்சேன், எல்லாரும் பண்ற தப்பு இதுதான். காசு கொடுத்து வாங்கினது கேக்கணும்னு ஒரு ஆசை. கொஞ்ச நாள்ல படத்துல யாரு பேசறாங்கன்னு பாக்கறதை விட்டுட்டு பின்னாடி என்ன சத்தம்னு திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டு இருந்தோம்.

அப்புறம்தான் படிக்க ஆரம்பிச்சேன். சினிமா சத்தத் தொழில்நுட்பம் செய்ற டால்பி கம்பெனி கணக்குப்படி 5.1க்கு (முன்னாடி மூணு, சரவுண்ட் ரெண்டு, பேஸுக்கு ஒரு சப்வூஃபர்) நேர் முன்னாடியை 0ன்னு வச்சா சரவுண்ட் ரெண்டும் 90லேருந்து 110 டிகிரிக்குள்ள இருக்கணும், அதாவது காதுக்கு நேர் பக்கத்துல இல்லைன்னா கொஞ்சம் பின்னாடி. பின் சுவத்து மூலை இல்லவே இல்ல. சரின்னு டெனான் ரிசீவரும் (சத்தத்தைப் பிரிச்சு ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அனுப்பற பெட்டி) தனித்தனி ஸ்பீக்கரும் வாங்கி, சரவுண்டை ரெண்டு பக்கச் சுவத்துலயும் காது உயரத்துல மாட்டினேன், நடுவுல உக்காந்து கேட்டா அடேங்கப்பா, மழைன்னா மழை, காடுன்னா காடு. ஒரு வாரம் ஆகல, அம்மா சொன்னாங்க, "தம்பி, என் காதுக்குள்ளயே மழை பேயுதுடா, சனியனைக் கொஞ்சம் தள்ளி வையேன்."

நான் கண்டுக்கல. ரெண்டு மாசம் கழிச்சு அம்மா படம் பாக்க வர்றதே இல்ல, கால் வலின்னாங்க. ஒரு நாள் அவங்க எடத்துல நான் உக்காந்து பாத்தப்பதான் வெளங்குச்சு. எங்க ரப்பர் தோட்டத்துல சின்ன வயசுல திடல்ல வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவாங்க, கூம்பு ஸ்பீக்கர் ஒரே பக்கம்தான் இருக்கும், லேட்டா வர்றவன் அதுக்குக் கீழதான் உக்காரணும், மறுநாள் பால்மரம் வெட்டப் போறப்பகூட காதுல ஙொய்ங்னு இருக்கும்னு அப்பா சொல்லுவாரு. அதே எடத்தை அம்மாவுக்கு நான் வீட்டுக்குள்ளயே செஞ்சு கொடுத்திருக்கேன்.

கணக்கு போட்டுப் பாருங்க. அம்மா காதுக்கும் இடது ஸ்பீக்கருக்கும் ரெண்டரை அடி, வலது ஸ்பீக்கருக்கு எட்டரை அடி. தூரம் ரெண்டு மடங்கானா சத்தம் 6 டெசிபல் குறையும்கிறது திறந்தவெளிக் கணக்கு, அப்படிப் பாத்தா அவங்களுக்கு ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவுல 10 டெசிபலுக்கு மேல வித்தியாசம். ரூமுக்குள்ள சுவரு எதிரொலி இருக்கறதால கொஞ்சம் கம்மியா இருக்கும், இருந்தாலும் ஒரு காதுதான் வேலை செய்யும். ஸ்பீக்கரை எங்க வைக்கணும்னு வரைஞ்சு காட்டறவங்க எல்லாம் நடுவுல ஒத்தை ஆளைத்தான் வரையறாங்க, நம்ம வீட்டுல ஒத்தை ஆளா படம் பாக்குது?

நடுவுல ஒரு வருஷம் டைபோல் ஸ்பீக்கர் வச்சுப் பாத்தேன், ஈப்போவுல ஒருத்தர்கிட்ட செகண்ட் ஹேண்ட். ரெண்டு முகம் இருக்கும், ஒண்ணு வெளிய தள்றப்ப இன்னொண்ணு உள்ள இழுக்கும், அதனால உக்காந்திருக்கறவங்க பக்கம் நேரா சத்தம் வராது, சுவத்துல பட்டு சுத்தி வரும். புரோலாஜிக்னு டால்பியோட பழைய சரவுண்ட் முறை இருந்த காலத்துல பின்னாடி ரெண்டுலயும் ஒரே சத்தம்தான், அதுவும் 7,000 ஹெர்ட்ஸோட நின்னுடும், அப்ப இதுக்கு ஒரு நியாயம் இருந்துச்சு. இப்ப ஒவ்வொரு பக்கத்துக்கும் முழு சத்தம் தனித்தனியா வருது, ஹெலிகாப்டர் எந்தப் பக்கம் போச்சுன்னே தெரியாம எல்லாம் புகை மாதிரி ஆயிடுச்சு. அம்மாவுக்குப் புடிச்சுது, எனக்குப் புடிக்கல. வித்துட்டேன்.

2020 மார்ச்ல கொரோனாவுக்கு எம்சிஓ (நடமாட்டக் கட்டுப்பாடு) போட்டு எல்லாரும் வீட்டுக்குள்ள அடைஞ்சப்பதான் ஒழுங்கா உக்காந்து செஞ்சேன். சோபாவை மூணு அடி முன்னாடி இழுத்தேன், பின் சுவரை விட்டு வந்ததுமே தொம் தொம்னு இருந்த பேஸ் பாதி அடங்கிடுச்சு, அஞ்சு காசு செலவில்ல. சாதாரண புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒரு ஜோடியைப் பக்கச் சுவத்துல 6 அடி உயரத்துல, எங்க தலைக்கு 2 அடி பின்னாடி மாட்டினேன். நடு சீட்லேருந்து அது சரியா 110 டிகிரி வருது. காதை விட ரெண்டரை அடி மேலயும் ரெண்டு அடி பின்னாடியும் இருக்கறதால அம்மாவுக்கு இடது ஸ்பீக்கர் 4 அடி ஆச்சு, வித்தியாசம் 7 டெசிபலுக்கு எறங்கிடுச்சு. முக்கியமான விஷயம் இனிமேதான், இடது ஸ்பீக்கரை அம்மா பக்கம் திருப்பாம வீட்டுக்காரி பக்கம் திருப்பினேன், வலதை அம்மா பக்கம். கூர்மையான சத்தம் ஸ்பீக்கர் பாக்கற திசையிலதான் அதிகம் போகும், கிட்ட இருக்கறவங்களுக்குக் கொஞ்சம் மழுங்கும், தூரத்துல இருக்கறவங்களுக்கு நேரா வரும். நடு சீட்ல எனக்கு முன்ன மாதிரி துல்லியம் இல்லைதான், ஒத்துக்கறேன்.

லெவலை நடு சீட்ல வச்சு அளந்து எல்லாத்தையும் சமமாக்கிட்டு சரவுண்டை மட்டும் 1 டெசிபல் குறைச்சேன். கிராஸோவர் 80 ஹெர்ட்ஸ், அதுக்குக் கீழ எல்லாம் சப்வூஃபர் பாத்துக்கும். ஒவ்வொரு ஸ்பீக்கர் தூரத்தையும் டேப் புடிச்சு அளந்து ரிசீவர்ல போடுங்க, சத்தம் ஒரு மில்லிசெகண்டுக்கு ஒரு அடி சொச்சம்தான் போகும், அந்தத் தூரத்தை வச்சுத்தான் ரிசீவர் எல்லா சத்தத்தையும் ஒண்ணா வந்து சேர வைக்கும். இன்னொண்ணு, ரிசீவர் மைக் வச்சு அளந்தப்ப ஒரு ஸ்பீக்கர்ல ஃபேஸ் தப்புன்னு காட்டுச்சு, சும்மா காட்டுதுன்னு விட்டுட்டேன், எட்டு மாசம் கழிச்சுப் பாத்தா செவப்பு வயரையும் கறுப்பு வயரையும் மாத்தி மாட்டியிருக்கேன். அவமானம் லா.

இந்த ஊரு ஈரத்துக்கு ரெண்டு விஷயம் சொல்லணும். மொதல்ல வாங்கின மலிவு வயர் செம்பு பூசின அலுமினியம், ரெண்டே வருஷத்துல நுனி கறுத்துப்போயி சத்தம் விட்டு விட்டு வந்துச்சு. இப்ப முழுச் செம்பு 16 கேஜ், ஒரு பக்கத்துக்கு 40 அடி, 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது போதும். செகண்ட் ஹேண்ட் வாங்கறவங்க கோனைச் சுத்தி இருக்கிற வளையத்தை அமுக்கிப் பாருங்க, அதுக்கும் பேரு சரவுண்டுதான், ஃபோம்னா நம்ம வெக்கைக்கும் ஈரத்துக்கும் ஒரு நாள் பொடிப்பொடியா உதிரும், ரப்பர்னா நிக்கும். எங்க பாட்டி வெட்டின பால்மரத்து ரப்பர் இல்ல அது, பெரும்பாலும் பெட்ரோலியத்துலேருந்து செய்ற பியூட்டைல், ஆனாலும் கடையில கேக்கறப்ப எனக்கு ஒரு சிரிப்பு வரும். பின்னாடி ஓட்டை இருக்கிற ஸ்பீக்கர்னா பழைய ஸ்டாக்கிங் துணி கட்டுங்க, என்னோட வலது ஸ்பீக்கருக்குள்ள பல்லி ரெண்டு முட்டை விட்டிருந்துச்சு.

இடி விஷயத்துல மட்டும் அலட்சியம் வேணாம். கரண்டு பிளக்கைப் புடுங்கிட்டேன்னு நிம்மதியா இருந்தேன், டிவி டிஷ் வயர் வழியா வந்து ரிசீவரோட எச்டிஎம்ஐ போர்டைத் தீத்துடுச்சு, ரிப்பேருக்கு 450 வெள்ளி (ரிங்கிட்). இப்ப மேகம் கறுத்தாலே ரெண்டையும் கழட்டிடறது.

மேல நாலு ஸ்பீக்கர் போட்டு, தலைக்கு மேலேருந்தும் சத்தம் வர்ற அட்மாஸ் பண்ணுன்னு தம்பி அரிச்சுக்கிட்டே இருக்கான். எங்க சீலிங் பழைய அஸ்பெஸ்டாஸ் ஷீட்டு, துளை போட்டா அந்தத் தூசி நெஞ்சுக்குள்ள போகும், நான் ட்ரில்லை அதுகிட்ட கொண்டுபோகவே மாட்டேன். சீலிங் மாத்தணும்னா முறையா ஆள் வச்சு வீடு முழுக்க மாத்தணும், அதுவரைக்கும் 5.1 தான். அம்மாகிட்ட கேட்டேன், மேலேருந்தும் மழை பேயணுமாம்மான்னு. அடுப்படிக் கூரையைக் கைகாட்டுனாங்க.