அம்மாவின் முதுகுக் கட்டியும் மாமாவின் குதிகால் கறுப்பும்

இந்த முறை லண்டனிலிருந்து மூன்று வார விடுப்பில் கும்பகோணம் சென்றபோது, அம்மாவின் முதுகில் எலுமிச்சை அளவுக்கு வளர்ந்திருந்த கட்டியை மருத்துவரிடம் காட்டுவதே என் முதல் வேலையாக இருந்தது. மருந்துக்கடையில் ஐந்து நாளைக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்திருந்தார்கள். யாரோ சொன்னதைக் கேட்டு அம்மா சுண்ணாம்பும் தடவியிருந்தார். தோல் வெந்ததுதான் மிச்சம்.

அரசு மருத்துவமனையில் காலை எட்டு மணிக்கு ஓ.பி. சீட்டு வாங்கி, ஒன்பதே முக்காலுக்கு அறுவைச் சிகிச்சை மருத்துவரைப் பார்த்துவிட்டோம். கட்டணம் இல்லை. ஆனால் பெஞ்சுகள் போதாமல் முதியவர்கள் சுவரில் சாய்ந்து நின்றதைப் பார்க்க வருத்தமாக இருந்தது.

மருத்துவர் கட்டியின் ஓரத்தை ஒரு விரலால் அழுத்தினார். அது விரலுக்கு அடியிலிருந்து வழுக்கி நகர்ந்தது. என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். பிசைந்த மாவைப் போல மெத்தென்று இருந்தது, வலியில்லை, மேல்தோல் அதன்மீது தனியே அசைந்தது. கொழுப்புக் கட்டிதான், உறுத்தாதவரை எடுக்க வேண்டியதில்லை என்றார். ஆனால் ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, வேகமாகப் பெருத்தாலோ, வலித்தாலோ, ஆழத்தில் தசையோடு இறுகிக் கிடந்தாலோ கட்டாயம் ஸ்கேன் எடுக்க வேண்டும்; தசை, கொழுப்பு போன்ற மென்திசுக்களில் வரும் புற்றும் தொடக்கத்தில் வலியில்லாத கட்டியாகவே தோன்றக்கூடும் என்று விளக்கினார்.

அம்மாவின் காதுக்குப் பின்னால் இருந்த சிறு கட்டி வேறு வகை. அது தோலோடு ஒட்டியிருந்தது, நடுவில் ஒரு கரும்புள்ளி தெரிந்தது. இதையும் ஊரில் கொழுப்புக் கட்டி என்றே சொல்கிறார்கள். உள்ளே இருப்பதோ ஒரு பைக்குள் சேர்ந்த கெரட்டின், அதாவது தோலிலும் நகத்திலும் உள்ள புரதம். பிதுக்கினால் நாற்றத்தோடு வெண்மையாக வெளிவரும், பை உள்ளே இருக்கும்வரை மறுபடியும் நிரம்பும்.

துணைக்கு வந்திருந்த மாமாவின் குதிகாலில் இருந்த கறுப்பை நான் தற்செயலாகத்தான் கவனித்தேன். “முள்ளு குத்தின இடம், மாப்ளே” என்றார். ஆறு மாதத்துக்கு முன் ஒரு தனியார் கிளினிக்கில் ஆணி என்று சொல்லிப் பிளாஸ்திரி ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். முதலில் மிளகளவு இருந்தது இப்போது புளியங்கொட்டை அளவு. தாளில் மை ஊறியதுபோல் ஓரம் ஒழுங்கற்று, ஒரு பக்கம் பழுப்பாகவும் மறுபக்கம் கன்னங்கறுப்பாகவும் இருந்தது. லண்டனில் நான் பார்த்த தோல் புற்று எச்சரிக்கைப் படங்களெல்லாம் வெளுத்த முதுகிலும் தோளிலும் இருந்த மச்சங்கள். நம் போன்ற கறுத்த தோலில் மெலனோமா என்னும் தோல் புற்று வரும்போது, வெயிலே படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களில்தான் பெரும்பாலும் வருகிறது என்பதை அன்றுதான் அறிந்தேன். மேடாக எழும்பாததால் மாமாவின் கறுப்பை யாரும் கட்டியாகவே எண்ணவில்லை.

அந்த வாரமே சதைப் பரிசோதனை செய்தார்கள். முடிவுக்காக விமானப் பயணத்தைத் தள்ளிவைத்தேன். மெலனோமாதான்; ஆனால் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் விட்டு வெட்டியெடுத்து, தொடைத் தோலை அங்கே ஒட்டினார்கள். மாமா இப்போது ஊன்றி நடக்கிறார். அம்மாவின் முதுகுக் கட்டி அப்படியே இருக்கிறது. மாதம் ஒருமுறை தங்கை அதை நூல் வைத்து அளந்து எனக்குச் சொல்கிறாள்.