அப்பாரு துப்பாக்கிக்குப் புதுக் கட்டை

எங்க அப்பாருடைய 12 போர் (குழல் அளவு) இரட்டைக் குழல் துப்பாக்கி, பர்மிங்காமில் செய்தது. லைசென்ஸ் என் பேருக்கு மாறி வந்தபோது தோளில் ஊன்றும் மரக் கட்டை கைப்பிடிக்கிட்ட விரிசல் விட்டுக் கிடந்தது. முன்பு ஒரு கடையில் திருகாணி முடுக்கிப் பசை தடவித் தந்தார்கள். இரண்டே வேட்டில் பிளந்துவிட்டது.

அப்புறம் கோவையில் ஒரு துப்பாக்கி பழுதுபார்க்கும் கடைக்குப் போனேன். அங்கே முதலில் லைசென்ஸையும் துப்பாக்கி நம்பரையும் பதிவேட்டில் எழுதிக்கொண்டார்கள். வேலை செய்யும் பெரியவர், "ஒட்டுப்போட மாட்டேனுங்க, புதுசாத்தான் செய்யணும்" என்றார். கைப்பிடி வழியே மர ரேகை நேராக ஓடும் வால்நட் துண்டாகப் பார்த்து எடுத்தார். துப்பாக்கியின் இரும்புப் பாகத்தில் விளக்குக் கரி பூசி மரத்தில் அழுத்துவார். கரி ஒட்டின மேட்டை மட்டும் உளியால் சீவுவார். மறுபடி பூசுவார், மறுபடி சீவுவார். இரும்பும் மரமும் முழுக்கப் படியாவிட்டால் சுடும்போது வரும் உதை ஒரே இடத்தில் விழுந்து மரம் பிளக்குமாம். வார்னிஷ் கிடையாது, ஆளிவிதை எண்ணெயைக் கையாலேயே பல தடவை தேய்த்தார்.

குழலில் தோட்டா உட்காரும் அறையின் நீளத்தையும் அளந்தார். இரண்டரை அங்குலம், அதாவது சுமார் 65 மி.மீ. இப்போது விற்கிற, அதைவிட நீளமான 70 மி.மீ. தோட்டாவைப் போடவே கூடாது என்றார். இத்தனை வருஷத்தில் இதை யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

மூன்று மாதம் ஆனது, கூலியும் அதிகம்தான். ஆனால் அப்பாரு தோளில் தேய்ந்த பழைய அடித்தகட்டை அப்படியே புதுக் கட்டையில் பொருத்திக் கையில் கொடுத்தபோது கண் கலங்கிவிட்டது.