டர்போ டீசல் இழுத்து இழுத்து விடுகிறதா? ப்ளூடூத் ஓபிடி அடாப்டர் எந்த அளவுக்குக் கைகொடுக்கும்

"ஸ்கேனர் போட்டுப் பார்த்தாச்சு சார், எரர் எதுவும் இல்ல." ஜெர்க் அடிக்கும் டர்போ வண்டிகளில் பாதிக்கு ஒர்க்‌ஷாப்பில் கிடைக்கும் பதில் இதுதான். பதிலில் பொய் இல்லை. ஒரு சென்சார் எண் எல்லை தாண்டிச் சிறிது நேரம் அங்கேயே நின்றால்தான் இசியூ (எஞ்சினை இயக்கும் கணினி) எரர் கோடைப் பதிவு செய்யும். அரை நொடி விழுந்து எழுந்தால் கண்டுகொள்ளாது. ஆக, கோட் படிப்பதற்காக ஓபிடி அடாப்டர் (வண்டியின் சோதனை போர்ட்டில் மாட்டினால் எஞ்சின் எண்களைப் போன் செயலிக்கு அனுப்பும் சிறு கருவி) வாங்கினால் காசுக்குக் கேடு. ஓடும்போது எண்கள் எப்படி ஆடுகின்றன என்று கிராஃபாகப் பார்ப்பதுதான் இதன் உண்மையான உபயோகம். அந்த ஒரு வேலையை வைத்தே இந்த மதிப்பீடு.

எடுத்துக்காட்டுக்கு நம் சாலைகளில் இன்னும் ஏராளமாக ஓடும் 1.3 லிட்டர் மல்டிஜெட். ஃபியட் எஞ்சின்தான், ஸ்விஃப்டில் டிடிஐஎஸ், டாடாவில் குவாட்ராஜெட் என்று பெயர் மாறும். 75 குதிரைத்திறன் ஸ்விஃப்டில் சாதாரண வேஸ்ட்கேட் டர்போ (அதிகப்படியான புகையை ஒரு வால்வு வழியே திருப்பிவிடுவது), 90 குதிரைத்திறன் எர்டிகா, சியாஸ், பிரெஸ்ஸாவில் விஜிடி (உள்ளே இறக்கைகளின் கோணம் மாறும் டர்போ). இந்த வேறுபாடு பின்னால் தேவைப்படும்.

முதலில் அடாப்டர். சந்தையில் 'எல்ம்327' என்ற பெயரில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை நகல்கள். பெட்டியில் 'வி1.5' என்று போட்டிருந்தால் சந்தேகமே வேண்டாம். எல்ம் எலக்ட்ரானிக்ஸ் அப்படி ஒரு பதிப்பை வெளியிட்டதே இல்லை. நகல் என்பதாலேயே உதவாது என்றும் சொல்ல முடியாது. பிரச்சினை வேகத்தில். வண்டி நொடிக்கு ஒரு தடவை இழுத்து விடுகிறது என்றால், ஒவ்வொரு எண்ணும் நொடிக்கு நாலைந்து முறையாவது வந்தால்தான் கிராஃபில் அலை தெரியும். மந்தமான அடாப்டரில் எட்டு எண்களைத் திரையில் வைத்தால் ஒவ்வொன்றும் நொடிக்கு ஒரு முறைகூடப் புதுப்பிக்காது; அலையெல்லாம் நேர்கோடாகிவிடும். எஸ்டிஎன் சிப் உள்ள ஓபிடிலிங்க் அடாப்டர்கள் இந்த விஷயத்தில் வேறு தரம், விலையும் பல மடங்கு. மலிவான நகலே கையில் இருந்தால் ஒரு நேரத்தில் மூன்று எண்களுக்கு மேல் பதிவு செய்யாதீர்கள். ஐபோன்காரர்கள் சாதாரண ப்ளூடூத் மாடலை வாங்கி ஏமாற வேண்டாம். பிஎல்இ (குறைந்த மின்சக்தி ப்ளூடூத்) அல்லது வைஃபை மாடல்தான் வேலை செய்யும்.

மாட்டியதும் முதல் காரியமாக எரர் கோடை அழித்துவிடுகிறார்கள் பலர். அழித்தால் கோட் பதிவான நேரத்து ஆர்பிஎம், லோடு, வேகம் எல்லாம் சேர்ந்து போய்விடும். முதலில் ஸ்கிரீன்‌ஷாட் எடுங்கள். பி0299 இருந்தால் பூஸ்ட் (டர்போ ஏற்றும் காற்றழுத்தம்) குறைவு, பி0234 பூஸ்ட் அதிகம், பி0087 ரயில் பிரஷர் (இன்ஜெக்டர்களுக்குப் போகும் டீசலின் அழுத்தம்) குறைவு, பி2138 ஆக்ஸிலரேட்டர் பெடலின் இரண்டு சென்சார்களும் ஒத்துப்போகவில்லை.

அடுத்து வண்டியை நகர்த்தாமல் இரண்டு சோதனை. சாவியை ஆன் செய்து, எஞ்சினை ஓட்டாமல், மேப் சென்சார் (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) எண்ணைப் பாருங்கள். அப்போது அது வெளிக்காற்றின் அழுத்தத்தைத்தான் காட்ட வேண்டும்: சென்னையில் 100 கிலோபாஸ்கல் அளவில், ஊட்டியில் 78-க்கு அருகில். ஏழெட்டு வித்தியாசம் இருந்தால் சென்சாரைக் கழற்றிப் பாருங்கள்; நுனித் துளையில் எண்ணெயும் புகைக்கரியும் சேர்ந்து தார் மாதிரி அடைத்திருக்கும். அதே நிலையில் ஆக்ஸிலரேட்டரை மிக மெதுவாக, பத்து நொடி எடுத்து, அடிவரை அழுத்துங்கள். கிராஃப் சீராக ஏற வேண்டும். கால் வழக்கமாக நிற்கும் கால்வாசி அழுத்தத்தில் மட்டும் எண் துள்ளினால் பெடல் சென்சார் தேய்ந்திருக்கிறது. டர்போவைத் தொடவே வேண்டாம்.

இனி சாலை. காலியான நேர்ச்சாலை, பக்கத்தில் ஒருவர் போனைப் பார்த்துக்கொள்ள, எஞ்சின் முழுச் சூட்டில். மூன்றாவது கியர், 1500 ஆர்பிஎம், அங்கிருந்து முழு ஆக்ஸிலரேட்டர், 3500 வரை. முதல் ஓட்டத்தில் ஆர்பிஎம், வேகம், பெடல். மேனுவல் வண்டியில் கியர் மாறாதவரை ஆர்பிஎம்முக்கும் வேகத்துக்கும் விகிதம் மாறக் கூடாது. 2000-த்தில் 50 கிலோமீட்டர் என்றால் 3000-த்தில் 75 காட்டியே ஆக வேண்டும். ஆர்பிஎம் மட்டும் முன்னே ஓடி, வேகம் பின்தங்கினால் அது கிளட்ச் வழுக்கல். டர்போ டார்க் எகிறும் 2000 ஆர்பிஎம் பக்கத்தில்தான் தேய்ந்த கிளட்ச் முதலில் காட்டிக்கொடுக்கும். அதனால்தான் பலர் அதை டர்போ கோளாறு என்று நினைத்துப் பணத்தைக் கொட்டுகிறார்கள்.

விகிதம் சரி என்றால் இரண்டாவது ஓட்டத்தில் ஆர்பிஎம், மேப், ரயில் பிரஷர். முழு ஆக்ஸிலரேட்டரில் மேப் பொதுவாக 200 கிலோபாஸ்கலைத் தாண்டும். இங்கே பார்க்க வேண்டியது எது முதலில் விழுகிறது என்பதை. ரயில் பிரஷர் முதலில் சரிந்து, பிறகு மேப் சரிந்தால் டீசல் போதவில்லை: ஃபில்டர் அடைப்பு, ஃபில்டரில் தண்ணீர், பைப்பில் காற்று. செயலி ரயில் பிரஷரைக் கிலோபாஸ்கலில் காட்டும், நூறால் வகுத்தால் பார்; ஐடிலில் 250 முதல் 350 பார் வரை சாதாரணம். ரயில் பிரஷர் நிலையாக இருக்க, மேப் மட்டும் எங்கோ 150-ல் தட்டி நின்றால் காற்று கசிகிறது. இன்டர்கூலர் (டர்போ தரும் காற்றைக் குளிர்விப்பது) ஹோஸின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். ஹோஸ் உள்ளே லேசான எண்ணெய் ஈரம் எப்போதும் இருக்கும். வெடிப்பு வழியாக அது வெளியே கசிந்து, தூசி ஒட்டி, கறுப்புப் பட்டையாகத் தெரியும். கிளாம்பை இறுக்கியும் நிற்கவில்லை என்றால் ஹோஸை மாற்றுங்கள், டேப் சுற்றாதீர்கள்.

மேப் எகிறி, விழுந்து, மறுபடி எகிறினால் அது விஜிடி வண்டிகளின் நோய். இறக்கைகளில் கரி பிடித்து மாட்டுகிறது, அல்லது பூஸ்ட் சாலினாய்டுக்கு (டர்போவைக் கட்டுப்படுத்தும் மின் வால்வு) போகும் வேக்யூம் பைப் வெடித்திருக்கிறது. பைப் மலிவு, டர்போ விலை உங்களுக்கே தெரியும். பைப்பிலிருந்து தொடங்குங்கள்.

முழு ஆக்ஸிலரேட்டரில் நன்றாக இழுத்து, நாலாவது கியரில் 50-ல் நிதானமாகப் போகும்போது மட்டும் குலுக்கினால் சந்தேகம் இஜிஆர் வால்வு (புகையில் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள் விடுவது) மேல். இதற்கு மாஸ் ஏர்ஃப்ளோ (எஞ்சினுக்குள் போகும் காற்றின் எடை) எண்ணைப் பாருங்கள். 1248 சிசி எஞ்சின் 850 ஆர்பிஎம்மில் இஜிஆர் மூடியிருந்தால் நொடிக்கு ஏறக்குறைய 9 கிராம் காற்று இழுக்க வேண்டும். இஜிஆர் கனெக்டரைக் கழற்றியும் எண் 5, 6 என்றே நின்றால் வால்வு திறந்தபடி மாட்டியிருக்கிறது, அல்லது ஏர்ஃப்ளோ சென்சார் அழுக்கு. சோதனை முடிந்ததும் கனெக்டரை மாட்டுங்கள், வால்வைச் சுத்தம் செய்யுங்கள். தகடு வைத்து நிரந்தரமாக அடைப்பது தீர்வு அல்ல. புகை விதிகளுக்கும் விரோதம்.

அடாப்டர் கைவிரிக்கும் இடங்களும் உண்டு. ஆக்ஸிலரேட்டரை விடும்போதும் தொடும்போதும் 'டக்' என்று உதைத்தால் எஞ்சின் மவுண்டிங்கையோ டிரைவ் ஷாஃப்டையோ பாருங்கள், எந்தக் கிராஃபும் சொல்லாது. கிளட்ச் பெடல் சுவிட்சும் அப்படித்தான்: அதன் நிலையைப் பொது ஓபிடி எண்களில் காண முடியாது. ஆனால் அது மாட்டிக்கொண்டால் கியர் மாற்றும்போதெல்லாம் எஞ்சின் தப்பான நேரத்தில் டீசலைக் குறைத்துக் குலுக்கும். பழைய டீசல்களில் ரயில் பிரஷரே இந்தப் பொது எண்களில் வராமல் போவதும் உண்டு. அப்போது அந்தக் கம்பெனிக்கென்றே உள்ள மென்பொருள் தேவை.

டர்போ பெட்ரோலுக்கு வேறு வரிசை. முழு லோடில் மட்டும் வெட்டினால் முதலில் ஸ்பார்க் பிளக், காயில். பூஸ்ட் ஏறும்போது தேய்ந்த பிளக்கின் இடைவெளியைத் தாண்ட ஸ்பார்க்குக்கு வலு போதாது. ஃப்யூயல் டிரிம் (இசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) கூட்டல் பத்துக்கு மேல் நின்றால் காற்றுக் கசிவைத் தேடுங்கள்.

இன்னொன்று, வேலை முடிந்ததும் அடாப்டரைப் பிடுங்கிவிடுங்கள். போர்ட்டின் 16-ஆம் பின்னில் சாவி இல்லாதபோதும் 12 வோல்ட் இருக்கும். தூங்கத் தெரியாத நகல் அடாப்டரோடு இரண்டு வாரம் நின்ற வண்டியில், பழைய பேட்டரி என்றால் காலையில் செல்ஃப் எடுக்காது.